மணியும் பிசைநெகிழியும்: பொழுதுபோக்குக் கைவினை அணிகலன்களின் செய்முறையும் சொல்வழக்கும்

ஆய்வுச்சுருக்கம்

மணிகளைக் கோத்து அணிகலன் செய்வதும், 'பாலிமர் களிமண்' என வழங்கும் பொருளால் மணிகளையும் பதக்கங்களையும் உருவாக்குவதும் இன்று பலர் விரும்பி மேற்கொள்ளும் பொழுதுபோக்குகள். அப்பொருள் களிமண் அன்று. நெகிழி வகையைச் சார்ந்தது. பெயரில் உள்ள பிழை செய்முறையிலும் பிழையை உண்டாக்குகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. களிமண்ணும் நெகிழியும் வெப்பத்தில் அடையும் மாற்றம், கோல் இழுத்தல், துளையிடுதல், கோத்தல் ஆகிய செயல்கள் இங்கு விளக்கப்படுகின்றன. பழந்தமிழ்ச் சொல்வழக்கும் அகழாய்வுச் சான்றுகளும் தேவையான இடங்களில் எடுத்துக்காட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மணிக்கோவை, பிசைநெகிழி, சுடுமண், துளை, அரிக்கமேடு, கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

கோடை விடுமுறையில் சிறுவர்களுக்கு நடத்தப்பட்ட கைவினைப் பயிற்சி ஒன்றில் வழங்கிய செய்முறைத் தாள் இக்கட்டுரையாளரின் பார்வைக்கு வந்தது. ஒரே தாளில் இருவகை அணிகலன்களுக்கான குறிப்புகள் இருந்தன. ஒன்று சுடுமண் காதணி. மற்றொன்று 'பாலிமர் களிமண்' மணிமாலை. இரண்டுக்கும் பொதுவாக, நிழலில் உலர்த்தியபின் தணலில் இட்டுச் சுடவேண்டும் என எழுதப்பட்டிருந்தது. காதணிக்கு அது பொருந்தும். மணிமாலைக்கு அது தவறு மட்டுமன்று, தீங்கும் ஆகும். தாளை எழுதியவரைக் குறைகூறிப் பயனில்லை. களிமண் என்று பெயரிட்ட ஒன்றைக் களிமண்ணைப் போலக் கையாளுவதே மக்களின் இயல்பு.

மணிகளைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி தொல்லியலையும் இலக்கியத்தையும் சார்ந்தது. வீட்டு மேசையில் அமர்ந்து மணி செய்பவருக்கு அவ்வெழுத்து உதவுமா என்னும் கேள்வியையும் இக்கட்டுரை கருத்திற்கொள்கிறது.

களிமண்ணும் களிமண் அல்லாததும்

களிமண் என்பது பாறைகள் சிதைந்து உண்டான மிக நுண்ணிய கனிமத்துகள்களின் தொகுதி. துகள்களுக்கிடையே உள்ள நீரே அதற்குக் குழைவைத் தருகிறது. நீர் வற்றினால் மண் சுருங்கி இறுகும்; மீண்டும் நீர் சேர்த்தால் பழையபடி குழையும். எத்தனை முறை வேண்டுமானாலும் இவ்வாறு செய்யலாம். ஆனால் ஏறத்தாழ 450 முதல் 600 பாகை செல்சியசு வரையிலான வெப்பத்தில், துகள்களின் கட்டமைப்புக்குள்ளேயே பிணைந்துள்ள நீர்க்கூறு வெளியேறுகிறது. அதன்பின் மண் மண்ணாகத் திரும்புவதில்லை. சூளையும் தணலும் தேவைப்படுவது இதற்காகத்தான். ஓவன் எனப்படும் வீட்டு மின்அடுமனை 250 பாகை வரையே செல்லும். அதில் எவ்வளவு நேரம் வைத்தெடுத்தாலும் களிமண் காதணி காய்ந்த மண்ணாகவே இருக்கும். வியர்வையிலோ மழையிலோ கரைந்துவிடும்.

'பாலிமர் களிமண்' இதற்கு முற்றிலும் மாறானது. அதில் நீர் இல்லை. பாலிவினைல் குளோரைடு என்னும் நெகிழியின் நுண்பொடி, அதனைக் குழைவாக வைத்திருக்கும் நெகிழ்வூட்டி எண்ணெய், நிரப்புப்பொருள், நிறமி, வெப்பத்தில் சிதையாமல் காக்கும் நிலைப்படுத்தி ஆகியவற்றின் கலவை அது. வெப்பமூட்டும்போது நெகிழிப்பொடி நெகிழ்வூட்டியை உறிஞ்சி ஊதிப்பெருத்து, ஒன்றோடொன்று உருகி இணைகிறது. ஆகவே அதனை நிழலில் உலர்த்துதல் என்பது பொருளற்ற செயல். உறையிட்டு வைத்தால் பல மாதங்கள் மென்மையாகவே இருக்கும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் வைத்தாலோ உலராமல், அரைகுறையாக வெந்து பிசைய வராமற்போகும்.

இணைவதற்குத் தேவையான வெப்பம் மிகக் குறைவு. ஃபிமோ என்னும் வணிகப்பெயருடைய வகைக்கு 110 பாகையில் 30 நிமிடம் போதும். ஸ்கல்ப்பி வகைக்கு ஏறத்தாழ 130 பாகை வேண்டும். கொதிநீரின் 100 பாகை போதாது. தணலின் பல நூறு பாகையோ மிகுதி. ஏறத்தாழ 175 பாகையைத் தாண்டும்போது பாலிவினைல் குளோரைடு சிதையத் தொடங்கி ஹைட்ரஜன் குளோரைடு வளியை வெளியிடுகிறது. கண்ணிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தோடு சேர்ந்து அவ்வளி அமிலமாகி எரிச்சலூட்டும். செய்முறைத் தாளின்படி தணலில் இட்டிருந்தால் சிறுவர்களுக்குக் கிடைத்திருப்பது கருகிய கட்டியும் அப்புகையுமே. களிமண்ணை அடுமனையில் இட்டால் அது வேகாது. இதனைத் தணலில் இட்டால் எரியும். ஒரே பெயரால் அழைக்கப்படும் இரு பொருள்களுக்கு இதைவிடப் பெரிய வேறுபாடு இருக்கமுடியாது.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. அடுமனையின் திருகுகுமிழ் காட்டும் எண்ணை நம்பலாகாது. உள்ளே ஒரு தனி வெப்பமானியை வைத்துப் பார்ப்பதே நல்லது. வெப்பக்கம்பிகளுக்கு மிக அருகில் மணிகள் இருந்தால் மேற்பகுதி கருகி உட்பகுதி வேகாது நிற்கும். தரை ஓட்டுத்துண்டு ஒன்றின்மீது சோள மாவையோ சமையல் சோடாவையோ பரப்பி, அதில் மணிகளைப் புதைத்து வைத்தால் உருண்டையின் அடிப்பக்கம் தட்டையாவதில்லை. நுண்ணலை அடுப்பு எனப்படும் மைக்ரோவேவ் இதற்கு ஏற்றதன்று. குறைவாக வெந்த மணி முதல்நாள் நன்றாகவே தோன்றும். சில மாதங்களுக்குப்பின் விளிம்பு உதிரும். விற்பனைக்குச் செய்வோரின் மேல் வரும் குறைகளுள் பல இவ்வாறு வேகாமையால் வருவனவே என்பது இக்கட்டுரையாளரின் கணிப்பு.

நெகிழ்வூட்டியே இப்பொருளின் மற்ற பழக்கங்களுக்கும் காரணம். வேகாத உருண்டையைச் சிலவகை நெகிழிப் பெட்டிகளில் வைத்தால் பெட்டியின் அடி இளகி ஒட்டிக்கொள்ளும். பாலிஎத்திலீன் உறைகளில் அவ்வாறு நேர்வதில்லை. நகப்பூச்சை மெருகாகப் பூசினால் அது என்றும் பிசுபிசுப்பாகவே இருக்கும். நீர்சார் மெருகெண்ணெய் ஒத்துப்போகும். நெகிழ்வூட்டிகளுள் தாலேட்டு எனப்படும் குடும்பத்தைச் சார்ந்த சில, உடல்நலக் காரணங்களால் பல நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டுள்ளன. அமெரிக்காவில் 2008இல் இயற்றப்பட்ட சட்டம், சிறுவர் விளையாட்டுப்பொருள்களில் அவற்றின் அளவை 0.1 விழுக்காட்டுக்குள் நிறுத்தியது. பெயரறியா உறையில் விற்கும் மலிவுப் பொருளை வாங்குமுன் இதனை எண்ணிப்பார்க்க வேண்டும். பிசைந்த பலகையில் சப்பாத்தி தேய்ப்பதோ, வெட்டிய கத்தியால் காய் நறுக்குவதோ கூடாது. சமையற்பொருளும் கைவினைப்பொருளும் ஒரே மேசையில் புழங்கும் வீடுகளில் இந்த ஒன்றே எளிதில் மறக்கப்படுவது.

பெயர் வந்த வழி

செருமனியில் புகழ்பெற்ற பொம்மைக் கலைஞரான கேதே குருசே, பொம்மைத் தலைகளுக்கு ஏற்ற மாற்றுப்பொருளைத் தேடியபோது இவ்வகைக் கலவையைச் சோதித்தார். பொம்மைப் பட்டறைக்கு அது ஏற்கவில்லை. அவர் மகள் சோஃபி அதனை உருவஞ்செய் பொருளாக வளர்த்தெடுத்தார். 1964இல் உரிமை எபர்ஹார்டு ஃபாபர் நிறுவனத்துக்கு மாறியது. பின்னர் ஃபிமோ என்னும் பெயரில் சந்தைக்கு வந்தது. சோஃபியின் செல்லப்பெயரான 'ஃபிஃபி' அப்பெயரின் முதலெழுத்துகளில் உள்ளது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் கைவினைஞர்களிடையே இப்பொருள் பரவியபோது, உருட்டிப் பிசையும் செயலை வைத்துக் 'கிளே' என்னும் சொல் ஒட்டிக்கொண்டது. நான் ரோச் 1991இல் வெளியிட்ட கையேட்டின் பெயரே 'தி நியூ கிளே'. தமிழில் அச்சொல்லை அப்படியே பெயர்த்துக் களிமண் ஆக்கினோம்.

ஆங்கிலத்தில் 'கிளே' என்னும் சொல் இன்று பிசையத்தக்க பலவற்றுக்கும் பொதுவாகிவிட்டது. தமிழில் களிமண் என்பதிலோ 'மண்' வெளிப்படையாக நிற்கிறது. கேட்பவர் மனத்தில் சூளையும் குயவரும் நீரும் உடன் வருகின்றன. ஆதலால் பிசைநெகிழி என்னும் சொல்லை இக்கட்டுரை பரிந்துரைக்கிறது. பிசைந்த நெகிழி, பிசைகின்ற நெகிழி, பிசையும் நெகிழி என விரியும் வினைத்தொகை அது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தடையை ஒட்டி, நெகிழி என்னும் சொல் பொதுமக்களுக்கும் பழகியுள்ளது. நெகிழி என்று சொன்னால் பொருளின் கவர்ச்சி குறைந்துவிடும் என விற்போர் கூறலாம். குறைந்தால் குறையட்டும்.

பூங்கோல்

பிசைநெகிழிக் கைவினையில் மிக அழகியதும், புதியவர்களை வியக்கவைப்பதும் ஒரு நுட்பம். நகத்தளவு மணியின்மேல் இழைபோன்ற இதழ்களும் நரம்புகளும் தெளிவாகத் தெரியும். தூரிகையால் எழுதியது என்று பலரும் எண்ணுவர். உண்மையில் அது எழுதப்பட்டதன்று, வெட்டப்பட்டது.

நடுவில் மஞ்சள் உருளை ஒன்று. அதனைச் சுற்றி, வெண்தகடு போர்த்திய ஆறு சிவப்பு உருளைகள். இடைவெளிகளில் பின்னணி நிறத்தில் முக்கோணப் பட்டைகள். அனைத்தையும் சுற்றி ஒரு போர்வைத் தகடு. இவ்வாறு அமைந்த தடித்த உருளையின் குறுக்குவெட்டில் ஒரு பூ தெரியும். உருளையை நடுவிலிருந்து மெல்ல அழுத்தி, இருபுறமும் நீட்டி உருட்டினால் அது மெலிந்து நீளும். உள்ளே உள்ள பூவும் அதே விகிதத்தில் சிறுக்கும். 6 செ.மீ. விட்டமும் 5 செ.மீ. நீளமும் உடைய உருளையை 1 செ.மீ. விட்டத்துக்கு மெலித்தால், கன அளவு மாறாமையால் நீளம் 36 மடங்காகி 180 செ.மீ. ஆகும். இரு முனைகளிலும் உருக்குலைந்த பகுதியைக் கழித்தாலும் நூற்றுக்கணக்கான சீவல்கள் கிடைக்கும். எஞ்சிய துண்டுகளை உருட்டி அடிமணி செய்து, அதன்மேல் சீவல்களைப் பதித்து, விளிம்புகள் மறையும்வரை உள்ளங்கையில் உருட்டினால் மணி உருவாகும். சீவுமுன் கோலைக் குளிரவைக்க வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கோலைக் கால்சுற்றுத் திருப்ப வேண்டும். இல்லாவிடின் பூ ஒருபுறம் நசுங்கும். இக்கோலைப் பூங்கோல் எனலாம்.

பெரிதாக இருக்கும்போது அமைத்துக்கொண்டு, பின்னர் இழுத்துச் சிறிதாக்குதல் என்னும் இந்தச் சூழ்ச்சி கண்ணாடித் தொழிலிலிருந்து வந்தது. வெனிசை அடுத்த முரானோவின் 'மில்லெஃபியோரி', அதாவது ஆயிரம்பூ, இதன் நேர்முன்னோடி. ஆனால் இழுத்தல் என்னும் செயலுக்குத் தமிழ் நிலத்துக்கு மிக அணுக்கமான சான்று வேறொன்று உண்டு. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் 1945இல் அகழாய்வு நடத்தினார். பின்னர் காசால், விமலா பெக்லி ஆகியோரும் அங்கு ஆய்வு செய்தனர். அங்குக் கிடைத்தவற்றுள் ஒற்றை நிறமுடைய மிகச்சிறு கண்ணாடி மணிகள் பல. இவ்வகையை மணியியல் அறிஞர் பீட்டர் ஃபிரான்சிசு இந்தோ-பசிபிக் மணிகள் எனப் பெயரிட்டார். ஆப்பிரிக்கக் கரைமுதல் கிழக்காசியா வரை இவை சென்றுள்ளன.

இவை ஒவ்வொன்றாக உருட்டப்பட்டவை அல்ல. ஆந்திர மாநிலத்துப் பாப்பநாயுடுபேட்டையில் அண்மைக்காலம் வரை தொடர்ந்த தொழில்முறை அவற்றின் செய்முறையை விளக்குகிறது. 'லடா' என்னும் நீண்ட இரும்புக்குழாயின் முனையில் உருகிய கண்ணாடியைத் திரட்டிக் கூம்பாக்குவர். குழாயின் உள்வழியே செலுத்திய கம்பியால் கூம்பின் நடுவே வெற்றிடம் உண்டாக்குவர். உலையின் மறுபுறத்தில் இருப்பவர் கூம்பின் நுனியைக் கொக்கியால் பற்றி இழுக்க, கண்ணாடி மெல்லிய குழலாக நீண்டுகொண்டே வரும். குழலைச் சிறு துண்டுகளாக வெட்டி, சாம்பலோடு கலந்து மீண்டும் சூடேற்றினால் கூரிய விளிம்புகள் மழுங்கி மணியாகும். சாம்பல், மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமலும் துளை அடையாமலும் காக்கிறது. பிசைநெகிழி மணியைச் சோள மாவில் புதைத்து வைப்பவர், தாம் செய்வது இதற்கு உறவான செயல் என்பதை அறிந்தால் மகிழ்வர்.

துளை

மணியை மணியாக்குவது துளை. லடா முறையில் துளை தனியே இடப்படுவதில்லை. கூம்பிலுள்ள வெற்றிடமும் கண்ணாடியோடு சேர்ந்து இழுபட்டு நுண்துளை ஆகிறது. கல்மணிக்கு அவ்வசதி இல்லை. நொய்யற் கரையில் உள்ள கொடுமணலில் சூதுபவளம், பளிங்கு முதலிய கற்களால் மணி செய்த தொழிற்கூடச் சான்றுகள் கிடைத்துள்ளன. செய்து முடியாத மணிகளும் அவற்றுள் உண்டு. சூதுபவளத்தின் கடினத்தன்மை மோசு அளவையில் ஏறத்தாழ 7. எஃகுக் கத்தியால் அதில் கீறல் விழாது. அத்தகைய கல்லில் நூல் புகும் துளையிடுவது தனித்தொழில். மதுரைக்காஞ்சி நகரத் தொழிலாளரை அடுக்கும்போது மணி துளைப்போரைக் குயினர் என்னும் சொல்லால் குறிக்கிறது. குயிலுதல் என்னும் வினைக்குத் துளைத்தல் என்பது ஒரு பொருள். துளையிடுவோருக்கெனத் தனிப்பெயர் இருந்தது என்பதே அச்செயலின் அருமையைக் காட்டும்.

கடினமான கல்லை இருபுறத்திலிருந்தும் துளைத்து நடுவில் இணைப்பது மரபு. ஒரே புறமிருந்து துளைத்தால் கருவி வெளியேறும் இடத்தில் கல் சிதறும். மென்மையான பிசைநெகிழியிலும் இதே சிக்கல் வேறு உருவில் தோன்றுகிறது: ஊசியை ஒரே மூச்சில் குத்தினால் மறுபுறம் மேடு தள்ளும். எனவே உருண்டையைச் சற்று நேரம் ஆறவிட்டு, ஊசியைத் திருகியபடி பாதிவரை செலுத்தி, நுனி மறுபுறம் தோன்றும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து மீண்டும் செலுத்த வேண்டும். வேகவைத்தபின் சிறு கைத்துளைப்பானால் துளையை அகலப்படுத்தலாம். துளையின் உள்விளிம்பு கூராக இருந்தால் நூல் அறுபடும். பொழுதுபோக்காளர் மணியின் மேற்பரப்பை நீரில் நனைத்த உப்புத்தாளால் மணிக்கணக்கில் தேய்த்து மெருகேற்றுவர். துளையைத் தேய்க்க மறப்பர்.

கோவையும் மிடைதலும்

அகநானூற்றின் மூன்று பகுதிகளுள் இரண்டின் பெயர்கள் மணி கோக்கும் தொழிலிலிருந்து வந்தவை. 121 முதல் 300 வரையுள்ள பாடல்கள் மணிமிடை பவளம்; 301 முதல் 400 வரையுள்ளவை நித்திலக்கோவை. நித்திலம் முத்து. முத்துகள் ஒரே வகையாக வரிசைப்படுவது கோவை. நீலமணியும் பவளமும் போல வேறுபட்டவை கலந்து நெருங்குவது மிடைதல். தொகுப்பாசிரியர்கள் பாடல்களின் தொகுதிக்குப் பெயரிட இவ்வேறுபாட்டைப் பயன்படுத்தியிருப்பதால், கேட்போருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். இன்றைய கைவினைப் பயிற்சிகளில் இவ்விரண்டையும் வேறுபடுத்தச் சொல் இல்லாமல் 'டிசைன்' என்ற ஒன்றால் சமாளிக்கின்றனர்.

வேறுபாடு வெறும் அழகு பற்றியதன்று. ஒரே அளவுள்ள மணிகளால் ஆன கோவையில் கணக்கு எளிது. 45 செ.மீ. மாலையில் பூட்டுக்கு 3 செ.மீ. ஒதுக்கினால் 6 மி.மீ. மணிகள் 70 வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் இடையே முடிச்சிட்டால், முடிச்சுக்கு 1 மி.மீ. கொண்டு 60 மணிகள் போதும். முடிச்சு இரு வகையில் உதவும்: மணிகள் உரசித் தேயா, நூல் அறுந்தாலும் ஒரு மணியே விழும். மிடைந்த மாலையிலோ பெரிய பிசைநெகிழி மணிகளுக்கிடையே சிறு கண்ணாடி மணிகள் வரவேண்டும். பெரிய மணிகள் மட்டும் நெருங்கினால் மாலை கழுத்தில் வளையாமல் விறைத்து நிற்கும். இடைப்பட்ட சிறுமணி வளைவுக்கு இடந்தருகிறது.

கோக்கும் இழையையும் மணிக்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். முத்துக்கும் மென்மணிக்கும் பட்டுநூல். கண்ணாடிக்கும் கல்லுக்கும் கடைகளில் 'கியர் வயர்' என்று கேட்டு வாங்கும் பூச்சிட்ட எஃகுக்கம்பி. சிறுவர் கைவளையத்துக்கு மீள்நூல். தூண்டிலுக்குப் பயன்படும் நைலான் நரம்பு மலிவானது; ஆனால் நாள்பட நீளும், முடிச்சும் நழுவும்.

பாசிமணி

மணிகோத்தலைப் பற்றிப் பேசும் கட்டுரைகள் கொடுமணலிலிருந்தும் அரிக்கமேட்டிலிருந்தும் நேரே இன்றைய நகரத்துப் பொழுதுபோக்குக்குத் தாவிவிடுகின்றன. இடையே, கோயில் வாசல்களிலும் பேருந்து நிலையங்களிலும் அமர்ந்து மணி கோத்து விற்கும் நரிக்குறவர் சமூகத்தினர் இருக்கின்றனர். வீட்டில் அவர்கள் பேசுவது வாக்ரிபோலி, விற்பது தமிழில். ஊசிமணி, பாசிமணி என்னும் சொற்களை ஊரறியச் செய்தது அவர்களின் குரலே. வாங்குபவரின் கழுத்தளவைக் கண்ணால் கணித்து, நின்ற நிலையிலேயே மாலையைக் குறைத்தோ நீட்டியோ தரும் திறன் பயிற்சித் தாள்களில் இல்லாதது. ஒரே மாலை, வார இறுதியில் செய்பவருக்குப் பொழுதுபோக்கு. அவர்களுக்கு அன்றைய உணவு. பொழுதுபோக்காளர் தம் உழைப்பு நேரத்தைக் கணக்கிடாமல், மூலப்பொருளின் விலைக்கே மாலைகளை விற்கும்போது யாருடைய விலை குறைகிறது என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

கலைச்சொல் ஆக்குவோர்க்கும் அவ்விடத்தில் வேலை உண்டு. பல மணிவகைகளுக்கும் முடிச்சுகளுக்கும் அகராதியில் இல்லாத பெயர்கள் கோப்பவர்களிடம் வழக்கில் இருக்கக்கூடும். அவற்றை முதலில் கேட்டுப் பதிவு செய்தபின்னரே புதிய சொற்களைப் புனைய வேண்டும். இங்குப் பரிந்துரைத்த பிசைநெகிழி, பூங்கோல் என்னும் இரண்டையும் அவர்களிடமும் பயிற்சி வகுப்புகளிலும் சொல்லிப் பார்க்கலாம். நாவில் நிற்காவிடின் பூங்கோலைக் கைவிடலாம். முன்னதற்கு வேறு எந்தச் சொல்லை வைத்தாலும், அதில் மண் இல்லாதிருந்தால் போதும்.